ஊதுகருவி வாங்கலாமா? பிரெத் அனலைசர், உமிழ்நீர் கிட், இன்டர்லாக்: ஒரு மதிப்பீடு

கடைசி மடக்கு உள்ளே போய் இருபது நிமிடம் ஆகிறது. ஒருவர் பையிலிருந்து கருவியை எடுத்து ஊதுகிறார். ரத்தத்தில் மது எத்தனை சதவீதம் என்று காட்டும் திரையில் 0.04 வருகிறது. "பாத்தியா, லிமிட்டுக்குள்ளதான் இருக்கேன்" என்று சாவியைக் கையில் எடுக்கிறார். கையடக்க பிரெத் அனலைசரை மக்கள் பயன்படுத்தும் விதங்களிலேயே மிக ஆபத்தானது இதுதான். அந்த நேரத்தில் வயிற்றில் கிடக்கும் மது முழுவதும் ரத்தத்துக்கு வந்து சேர்ந்திருக்காது. வெறும் வயிறாக இருந்தால் அரை மணி நேரத்திலும், நன்றாகச் சாப்பிட்டிருந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்தும்தான் அளவு உச்சிக்குப் போகும். 0.04 என்று பார்த்துக் கிளம்பியவர் பாதி வழியில் 0.07-ல் ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்தக் கருவிகளை ஆராய்ந்தால் கிடைக்கும் முடிவு ஒன்றே: இவை காலைக்கு உரியவை, ராத்திரிக்கு உரியவை அல்ல. ராத்திரி குடித்தவர் ராத்திரியே ஓட்டலாமா என்று தெரிந்துகொள்ள ஊதிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. குடித்திருந்தால் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் குளித்து, சட்டை மாற்றி, "தெளிஞ்சாச்சு" என்று முழு நம்பிக்கையோடு வண்டியை எடுப்பவருக்குத்தான் இந்தக் கருவி உண்மையில் உதவும். அவருக்குத் தன் உடம்பில் இன்னும் மது இருப்பது தெரியாது. கருவிக்குத் தெரியும்; சரியான கருவியாக இருந்தால், சரியாக ஊதினால்.

உள்ளே இருக்கும் சென்சார்

கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைப்பவை இரண்டு சாதி. சாவிக்கொத்தில் மாட்டும் அளவுக்குச் சின்னதாக, மலிவாக வருபவற்றில் பெரும்பாலும் குறைகடத்தி சென்சார் இருக்கும். டின் ஆக்சைடால் ஆன ஒரு சிறு துணுக்கு, அதைச் சூடாக்க ஒரு ஹீட்டர். சூட்டில் அதன் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருக்கும். மது ஆவி பட்டதும் அந்த ஆக்சிஜன் செலவாகி மின்தடை இறங்கும். அந்த இறக்கத்தைத்தான் கருவி ஒரு எண்ணாக மாற்றிக் காட்டுகிறது.

மதுவைத் தனியாகப் பிரித்தறிய இந்தத் துணுக்கால் முடியாது என்பதுதான் குறை. சிகரெட் புகை, சென்ட், ஹேர் ஸ்பிரே, பெட்ரோல் ஆவி எது பட்டாலும் கொஞ்சம் எகிறும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், நீண்ட பட்டினி இருப்பவர், மாவுச்சத்தை அடியோடு விட்டவர் ஆகியோரின் மூச்சில் வரும் அசிட்டோனையும் இது மது என்று எண்ணிவிடலாம். தவறாகக் கூட்டிக் காட்டினால் பரவாயில்லை, ஆள் ஓட்டாமல் இருந்துவிடுவார். இந்தச் சென்சார் நாள்படத் தடம் மாறும்போது குறைத்தும் காட்டும், அதுதான் பயம். கருவி பார்க்கப் புதிதுபோல் இருக்கும், விளக்கு எரியும், எண் வரும். அந்த எண் ஆறு மாதமாகவே பொய்யாக இருந்திருக்கும். 2017-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், கைபேசியோடு இணைக்கும் ஊதுகருவி விற்ற ஒரு நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது இதே போன்ற குறைக்காகத்தான். மதுவின் அளவை அது குறைத்துக் காட்டியது என்பது புகார். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

இன்னொரு சாதி எரிமின்கலம், அதாவது ஃபியூயல் செல். போலீஸார் சாலையோரத்தில் ஊதச் சொல்லும் கருவிகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். அமிலம் ஊறிய நுண்துளைத் தகடு ஒன்று, அதன் இரு பக்கமும் பிளாட்டினம் பூச்சு. நுரையீரலிலிருந்து வரும் காற்றில் ஏறத்தாழ ஒரு மி.லி.யை மட்டும் உள்ளிருக்கும் குட்டிப் பம்பு உறிஞ்சி எடுத்துத் தகட்டின் மேல் விடும். அங்கே மது அசிட்டிக் அமிலமாக மாறும், மாறும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்படும். எவ்வளவு மதுவோ அவ்வளவு மின்சாரம். அசிட்டோன் இதை ஏமாற்றாது. மெத்தனால், ஐசோபுரோப்பைல் போன்ற மற்ற ஆல்கஹால்களுக்கு மட்டும் இதுவும் அசையும். ஆகவே கைக்கு சானிடைசர் போட்ட கையோடு கருவியைத் தொட வேண்டாம். ஈரம் காய்ந்து வாடை போகட்டும்.

வாங்குவதானால் எரிமின்கலம்தான் வாங்க வேண்டும். விலை கூடுதல், பரவாயில்லை. பெட்டியின் மேல் "ஹை அக்யூரசி" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள்; எந்தத் தரநிலைக்குச் சோதிக்கப்பட்டது என்பதைத் தேடுங்கள். பொதுமக்கள் பயன்பாட்டுக் கருவிகளுக்கு ஐரோப்பாவில் இ.என். 16280, ஆஸ்திரேலியாவில் ஏ.எஸ். 3547 என்று தரநிலைகள் உண்டு. இதைப் போன்ற ஒரு எண்ணும் இல்லாமல், சென்சார் வகையும் சொல்லாமல் விற்கும் கருவியைத் தொடவே வேண்டாம்.

ஊதும் முறை

நல்ல கருவியும் தப்பாக ஊதினால் தப்பாகத்தான் சொல்லும். குடித்து முடித்ததும் வாயிலும் ஈறிலும் மது ஒட்டியிருக்கும். அது நுரையீரல் காற்றோடு கலந்து எண்ணைத் தாறுமாறாக உயர்த்தும். கடைசி மடக்குக்குப் பிறகு குறைந்தது 15 நிமிடம் போக வேண்டும், 20 என்றால் நல்லது. மது கலந்த வாய் கொப்பளிப்பான், சிலவகை இருமல் மருந்து, இன்ஹேலர் இவற்றுக்கும் அதே கணக்கு. இடையில் ஏப்பம் வந்தாலோ வாந்தி எடுத்தாலோ கடிகாரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் காலத்தில் தண்ணீர் மட்டும் குடிக்கலாம், புகைக்கக் கூடாது.

கருவியை ஆன் செய்து தயாராக விடுங்கள். குறைகடத்தி வகை சூடேற நேரம் எடுக்கும். சாதாரணமாக மூச்சை இழுத்து, இடைவெளி விடாமல், ஒரே சீராக ஐந்து விநாடி போல் ஊதுங்கள். பலூன் ஊதுவதுபோல் பலம் வேண்டாம், மெழுகுவத்தி அணைப்பதுபோல் வெடுக்கென்று ஊதுவதும் கூடாது. முதலில் வெளிவருவது வாய், தொண்டை, மூச்சுக்குழாயில் நின்ற காற்று. ரத்தத்தோடு உறவாடிய காற்று அதற்குப் பின்னால் வருவது. பாதியில் நிறுத்துகிறவர் முதல் காற்றை மட்டும் கொடுத்துவிட்டுக் குறைந்த எண்ணை வாங்கிக்கொள்கிறார். தரமான கருவி இதை ஏற்காமல் மறுபடி ஊதச் சொல்லும். மலிவானது பேசாமல் எண்ணைக் காட்டிவிடும்.

ஊதும் முன் வேகவேகமாக இருபது விநாடி மூச்சு வாங்கினால் எண் சுமார் 10% இறங்கும். அரை நிமிடம் மூச்சை அடக்கிவிட்டு ஊதினால் சுமார் 15% ஏறும். நண்பர்கள் மத்தியில் "யாருக்குக் கம்மி" என்று போட்டி வைத்து ஊதுகிறவர்கள் இந்த வித்தையைச் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் இருப்பது இதனால் ஒரு சொட்டும் குறையாது.

ஒரே கருவியைப் பலர் மாற்றி மாற்றி ஊதும்போது முன்னவர் விட்ட மது உள்ளே தங்கிவிடும். ஆளுக்கு ஒரு ஊதுகுழாய் போடுங்கள், இரண்டு சோதனைக்கு நடுவே கருவி தானாகத் தெளியும்வரை காத்திருங்கள். இரண்டு முறை, சில நிமிட இடைவெளியில் ஊதி, அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன எண்ணை எடுத்துக்கொள்ளத்தான் மனம் போகும்.

கருவியைக் காரின் டேஷ்போர்டில் விட்டுவிடுவது பலரின் வழக்கம். வெயிலில் பூட்டிய கார் 60 டிகிரியையும் தாண்டும். எரிமின்கலத்தின் ஈரம் அதில் காய்ந்துபோனால் கருவி சோம்பிவிடும், பிறகு குறைத்துத்தான் காட்டும். கையேட்டில் போட்டிருக்கும் வெப்பநிலை வரம்பு பெரும்பாலும் 10 டிகிரியை ஒட்டித் தொடங்கி 40-ஐ ஒட்டி முடியும். அந்த எல்லைக்கு வெளியே ஊதினால் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

அளவுத்திருத்தம், அதாவது காலிப்ரேஷன், இந்தக் கருவிகளின் உயிர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முதல் ஆண்டுக்கு ஒரு முறை வரை. அல்லது கையேட்டில் சொன்ன எண்ணிக்கை சோதனைகள் முடிந்ததும். சரியான கூடத்தில் லிட்டருக்கு 1.21 கிராம் எத்தனால் கலந்த நீரை 34 டிகிரியில் வைத்து, அதன் வழியே காற்றைச் செலுத்துவார்கள். கருவி அப்போது 0.10 காட்ட வேண்டும். உலர்வாயு சிலிண்டர் வைத்தும் செய்வதுண்டு. "வேலை செய்யுதான்னு பாப்போம்" என்று சானிடைசரையோ பாட்டில் மூடியையோ கருவி வாயில் பிடிப்பது சென்சாரைக் கெடுக்கும் செயல். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "திருத்தம் எங்கே செய்து தருவீர்கள், எத்தனை நாள் ஆகும்" என்பதுதான். பதில் இல்லாத கருவிக்கு ஆயுள் ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் சென்சார் தொகுதியையே கழற்றி, திருத்திய புதிய ஒன்றைச் செருகலாம். அது நல்ல ஏற்பாடு.

எண் என்ன சொல்கிறது

ஒரே அளவைப் பல விதமாகக் காட்டுவார்கள், குழப்பம் இங்கேயே தொடங்குகிறது. ரத்தத்தில் 0.05% என்பதும், 0.5‰ (ஆயிரத்துக்கு 0.5) என்பதும், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. என்பதும் ஒன்றே. கருவி அளப்பதோ மூச்சை. மூச்சில் இருப்பதைப்போல் 2100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்ற விகிதத்தை வைத்துப் பெருக்கிக் காட்டுகிறது. சில கருவிகள் பெருக்காமல், ஒரு லிட்டர் மூச்சுக்கு இத்தனை மி.கி. என்றே காட்டும், அதை 0.21-ஆல் பெருக்கினால் ரத்த சதவீதம் வரும். மூச்சில் 0.25 என்றால் ரத்தத்தில் 0.05-ஐத் தாண்டியாயிற்று. 0.25‰ என்று நினைத்து நிம்மதி அடைகிறவர் பாதியாகக் கணக்குப் போட்டுவிடுகிறார். வாங்கிய அன்றே அலகை உங்கள் நாட்டுச் சட்டம் பேசும் அலகுக்கு மாற்றி வையுங்கள்.

நல்ல எரிமின்கலக் கருவியிலேயே 0.05-ஐ ஒட்டி 0.005 முன்பின் இருக்கலாம். திரையில் 0.046 என்பது உண்மையில் 0.051-ஆக இருக்கலாம் என்று அர்த்தம். சட்ட வரம்பு நாட்டுக்கு நாடு மாறும்: நார்வே, ஸ்வீடனில் 0.02, பல நாடுகளில் 0.05, இங்கிலாந்தில் 0.08, சில நாடுகளில் முழுப் பூஜ்யம். உடம்புக்கு இந்த எல்லைகள் தெரியாது. 0.02-லேயே நகரும் பொருளைக் கண் பின்தொடர்வதும், ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிப்பதும் தளர ஆரம்பிக்கின்றன. 0.05-ல் ஸ்டியரிங்கைப் பிடிப்பதிலும், எதிர்பாராமல் ஒன்று குறுக்கே வந்தால் சுதாரிப்பதிலும் தடுமாற்றம் வரும். 0.08-ல் விபத்தில் சிக்கும் வாய்ப்பு குடிக்காதவரைவிடச் சுமார் நான்கு மடங்கு என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிடுகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதிக்க அரை விநாடி தாமதமானால் வண்டி 8 மீட்டர் அதிகமாக ஓடிவிடும். குறுக்கே வந்த குழந்தைக்கு முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்பதை அந்த 8 மீட்டர்தான் தீர்மானிக்கிறது. இருசக்கர வண்டியில் சமநிலையும் சேர்ந்து போவதால் இன்னும் குறைந்த அளவிலேயே ஆள் விழுவார்.

"ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, அப்படித்தான் உணர்கிறார். மது முதலில் கை வைப்பது தன்னைத் தானே எடைபோடும் அந்த அறிவின் மேல்தான்.

காலைக் கணக்கு

1932-ல் ஸ்வீடன் நாட்டு எரிக் விட்மார்க் தந்த வாய்பாடு இன்றும் பயன்படுகிறது. குடித்த சுத்த மதுவின் கிராமை, உடல் எடையோடு ஆணுக்கு 0.68, பெண்ணுக்கு 0.55 பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 40% மதுவில் 60 மி.லி. பெக் மூன்று என்று வைப்போம். மொத்தம் 180 மி.லி., அதில் சுத்த மது 72 மி.லி.; மதுவின் அடர்த்தி 0.789 என்பதால் 57 கிராம். 70 கிலோ ஆணுக்கு 57-ஐ 47.6-ஆல் வகுத்தால் 1.2‰, அதாவது 0.12%. அதே மூன்று பெக் 55 கிலோ பெண்ணுக்கு ஏறத்தாழ 0.19%.

கல்லீரல் மணிக்குச் சராசரியாக 0.015% மட்டுமே கழிக்கும். சிலருக்கு 0.010 என்று மந்தமாகவும், சிலருக்கு 0.020-க்கு மேலும் போகும். நள்ளிரவில் 0.12-ல் படுத்த ஆண் காலை ஆறு மணிக்கு 0.03-ல் இருப்பார், எட்டு மணிக்குத்தான் பூஜ்யம். மந்தமான கல்லீரல் என்றால் ஆறு மணிக்கு 0.06, பூஜ்யமாக நண்பகல் ஆகும். 0.19-ல் படுத்த பெண்ணுக்குச் சராசரி வேகத்திலேயே மறுநாள் பகல் பன்னிரண்டரை தாண்டும். பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் நேரத்தில், முதல் ஷிஃப்டுக்கு பஸ் எடுக்கும் நேரத்தில் இவர்கள் சாலையில் இருப்பார்கள். காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், எலுமிச்சைச் சாறு, ஓட்டம், வாந்தி எதுவும் கல்லீரலை வேகப்படுத்தாது. காபி கண்ணைத் திறக்கும், கையின் தடுமாற்றத்தைத் தீர்க்காது.

மூன்று பெக் என்று எண்ணிச் சொல்வதே கடினம். ஊற்றியவர் கை தாராளமாக இருந்தால் மூன்று நாலரை ஆகிவிடும். அதனால்தான் காலையில் கருவி அவசியம் என்கிறோம். எதிர்பார்ப்பது 0.00, அதில் பேரம் இல்லை. பல கருவிகள் 0.005-க்குக் கீழ் வந்தாலே 0.00 என்று போட்டுவிடும் என்பதையும் நினைவில் வைத்து, முதல் பூஜ்யத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் கொடுங்கள். பூஜ்யம் வந்த பிறகும் தூக்கக் கேடும் தலைவலியும் ஓட்டுதலைக் கெடுக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பது 0.05% போதைக்குச் சமமாக ஆளைத் தளர்த்தும் என்று 1997-லேயே ஆய்வு வந்துவிட்டது. தூக்கத்தை அளக்க இந்தக் கருவியில் வழியில்லை.

ஒருமுறை ஊதும் குழாய்கள், கைபேசி ஆப்கள்

பையை ஊதி நிரப்பி, அந்தக் காற்றைக் கண்ணாடிக் குழாய் வழியே செலுத்தினால் உள்ளிருக்கும் மஞ்சள் படிகம் பச்சையாக மாறும். பொட்டாசியம் டைகுரோமேட் வேதிவினைதான். 1954-ல் அமெரிக்காவின் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் வடிவமைத்த பிரெத்தலைசர் ஓடியதும் இதே ரசாயனத்தில். பேட்டரி வேண்டாம், திருத்தம் வேண்டாம் என்பது வசதி. ஆனால் குறிப்பிட்ட ஒரு வரம்புக்கு மேலா கீழா என்று மட்டும் காட்டும். மங்கலான விளக்கில் மஞ்சளா பச்சையா என்று குடித்தவர் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். காலாவதி தேதி தாண்டியதும், வெயிலில் வெந்ததும் குப்பைக்கு. குழாயை உடைத்துத் தூளைத் தொடாதீர்கள், அது நச்சு. பிரான்ஸில் 2012-ல் ஒவ்வொரு ஓட்டுநரும் ஊதுகருவி ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. வைத்திராதவருக்கு அபராதம் ஏதும் இல்லை, 2020-ல் விதியையே எடுத்துவிட்டார்கள்.

எடை, பெக், நேரம் போட்டால் அளவு சொல்லும் ஆப்கள் விட்மார்க் வாய்பாட்டைத்தான் ஓட்டுகின்றன. குடிப்பதற்கு முன்பே "இவ்வளவு குடித்தால் எப்போது தெளியும்" என்று பார்க்க உதவும். அதற்கு மேல் வேண்டாம்.

உமிழ்நீர் கிட்: கோடு பார்ப்பதில் நடக்கும் தவறு

கஞ்சா, ஆம்ஃபெட்டமின், மெத்தாம்ஃபெட்டமின், கொக்கெய்ன், ஓபியம் வகை, பென்சோடயஸெபின் என்று ஐந்தாறு பொருளை ஒரே தட்டில் சோதிக்கும் கிட்கள் போக்குவரத்து நிறுவனங்களிலும் தொழிற்கூடங்களிலும் பெருகி வருகின்றன. சோதனைக்கு முன் பத்து நிமிடம் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ புகைக்கவோ கூடாது. பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே, பிறகு நாக்குக்கு அடியில் வைத்து, நிறம் காட்டும் புள்ளி மாறும்வரை காத்திருக்க வேண்டும். வாய் வறண்டவருக்கு நாலைந்து நிமிடம் பிடிக்கும். அவசரப்பட்டு எடுத்தால் சோதனையே செல்லாது. பிறகு குச்சியைத் தட்டில் செருகி, சமதளத்தில் வைத்து, கையேடு சொன்ன நிமிடத்தில் படிக்க வேண்டும். அரை மணி கழித்து எட்டிப் பார்த்தால் கோடுகள் மாறியிருக்கும்.

இனி கவனம். இந்தப் பட்டைகளில் 'சி' என்பது கட்டுப்பாட்டுக் கோடு, 'டி' என்பது சோதனைக் கோடு. கர்ப்பப் பரிசோதனைப் பட்டை பழக்கப்பட்ட கண், கோடு வந்தால் "இருக்கிறது" என்று படிக்கும். இங்கே தலைகீழ். 'டி' கோடு வந்தால் அந்தப் பொருள் வரம்புக்கு மேல் இல்லை. கோடு வராமல் வெறுமையாக இருந்தால்தான் இருக்கிறது என்று பொருள். மெல்லிய, மங்கலான கோடும் கோடுதான், அதை "இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'சி' கோடே வரவில்லை என்றால் பட்டை கெட்டது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். இந்த ஒரு குழப்பத்தால் தெளிந்த ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, போதையில் இருப்பவர் கையில் சாவியைக் கொடுக்கும் விபரீதம் நடக்கும்.

கிட்டின் எல்லைகளும் சிறியவை அல்ல. உமிழ்நீரில் காணும் கஞ்சாப் பொருளான டி.எச்.சி. பெரும்பாலும் புகைத்தபோது வாயில் ஒட்டியது. தின்றவரிடம் அது குறைவாகவே இருக்கும், கிட் தவறவிடலாம். பென்சோடயஸெபின் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் உமிழ்நீருக்குக் கொஞ்சமே வரும். கோடீன் கலந்த இருமல் மருந்து ஓபியக் கட்டத்தை வெறுமையாக்கும். ஆகவே வெறுமைக் கட்டம் வந்தால் அன்று வண்டி கொடுக்காதீர்கள், ஆனால் ஆள்மேல் குற்றம் சாட்ட ஆய்வக உறுதி வேண்டும். சிறுநீர்ப் பட்டைகளை இந்த வேலைக்குப் பரிந்துரைக்க முடியாது: கஞ்சாவின் கழிவுப் பொருள் நாள் கணக்கில், தொடர்ந்து பயன்படுத்துபவரிடம் வாரக் கணக்கில் தெரியும்; இந்த நிமிடம் அவர் ஓட்டத் தகுதியா என்பதற்குப் பதில் அதில் இல்லை.

மதுவுக்கு 0.05 இருப்பதுபோல் கஞ்சாவுக்கு ஒரு நல்ல எண் கிடையாது. ரத்தத்தில் டி.எச்.சி. புகைத்த ஒன்றிரண்டு மணியிலேயே மளமளவென்று இறங்கிவிடும். ஓட்டும் தடுமாற்றம் அதோடு சேர்ந்து இறங்காது. மதுவோடு சேர்த்துப் புகைத்தால் இரண்டும் தனித்தனியே செய்யும் கேட்டைவிடக் கூடுதலாகச் செய்யும். "ஒரு பெக்தான், ஒரு இழுப்புதான்" என்பவரை ஊதுகருவி 0.02 என்று சொல்லி விட்டுவிடும். அவர்தான் மிகவும் கவனிக்க வேண்டிய ஆள்.

மருந்துக்கடை மருந்துகளை எந்தக் கிட்டும் முழுதாகப் பிடிக்காது. சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், தூக்கத்துக்கு சோல்பிடெம், பதற்றத்துக்கு ஆல்ப்ரசோலம், டயஸெபாம், வலிக்கு டிரமடால், நரம்பு வலிக்கு பிரீகாபலின். டயஸெபாம் பாதியாகக் குறையவே ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். சோல்பிடெம் போட்டவர்கள் மறுநாள் காலையிலும் ஓட்டத் தடுமாறுவதைப் பார்த்து, 2013-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பெண்களுக்கான அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகக் குறைக்கச் சொன்னது. புதிதாகத் தொடங்கும் நாட்களும் அளவை ஏற்றும் நாட்களும்தான் மோசமானவை. மருந்துச் சீட்டு கையில் வரும்போதே "இதைப் போட்டுட்டு வண்டி ஓட்டலாமா, எத்தனை மணி நேரம் கழிச்சு?" என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. ஓட்டுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

இன்டர்லாக்

வண்டியின் ஸ்டார்ட்டர் லைனில் மின்சாரத்தைத் தடுத்து விடும் ஒரு ரிலே சுவிட்ச், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஊதுமுனை. ஊதி வரம்புக்குள் வந்தால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். உள்ளிருப்பது எரிமின்கலமே. வேறு யாரையாவது ஊதவைப்பதைத் தடுக்க, ஊதும்போதே முனகச் சொல்லும், அல்லது ஊதியதும் உறிஞ்சச் சொல்லும். சிலவற்றில் கேமராவும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே மறுசோதனை கேட்கும். அதில் தவறினால் ஓடும் இன்ஜினை அது அணைக்காது, அப்படி அணைப்பதே விபத்தாகிவிடும். ஹாரன் அலறும், விளக்கு மின்னும், பதிவு போய்ச் சேரும். மறுசோதனை கேட்டால் ஓரமாக நிறுத்திவிட்டு ஊதுவதே சரி. மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று பட்டறைக்குப் போய்த் திருத்தமும் பதிவிறக்கமும் செய்ய வேண்டும்.

இந்த வரிசையில் நாங்கள் மனதார ஆதரிக்கும் கருவி இது ஒன்றுதான். காரணம், சாவி எடுப்பவரின் தீர்மானத்துக்கு இது விட்டுவைப்பதில்லை. குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவர்களின் வண்டியில் பொருத்தியிருக்கும் காலத்தில், மறுபடி பிடிபடுவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. கழற்றியதும் பழைய நிலைக்கே திரும்புகிறது என்பதையும் அதே ஆய்வுகள் காட்டின. ஆகவே இன்டர்லாக்கோடு குடிநோய்க்கான சிகிச்சையும் சேர்ந்தே போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலைக்குப் பிறகு விற்கும் புதிய கார், பஸ், லாரி எல்லாவற்றிலும் இதைப் பொருத்துவதற்கான ஏற்பாடு இருந்தாக வேண்டும். பள்ளி வண்டி, பஸ், லாரி வைத்திருப்பவர்கள் யாரும் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாங்கும்போது இ.என். 50436 என்ற தரநிலையைக் கேளுங்கள்.

எதை வாங்குவது, எப்படி வைப்பது

வீட்டுக்கு ஒரு எரிமின்கலக் கருவி, ஒரு பொட்டலம் ஊதுகுழாய். அதைப் பையில் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகாதீர்கள். கையில் இருந்தால் "எண் எவ்வளவு வருது பாப்போம்" என்று ஓட்டுவதற்கான சாக்காகிவிடும். வீட்டில் அலமாரியில், நிழலில் இருக்கட்டும். கடைசியாகத் திருத்தம் செய்த தேதியை ஒட்டுத்தாளில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டுங்கள்.

விருந்துக்குக் கிளம்பும் முன்பே திரும்பி வரும் வழி முடிவாகிவிட வேண்டும்: சொட்டும் தொடாத ஒருவர், அல்லது வாடகை வண்டி. முடிந்தால் வண்டியை வீட்டிலேயே விட்டுச் செல்வதே உத்தமம், ஏனென்றால் "வண்டியை இங்கேயே எப்படி விட்டுட்டுப் போறது" என்ற கவலைதான் பலரைப் போதையில் ஓட்டவைக்கிறது. இருசக்கர வண்டியில் வந்தவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வேறொருவர் ஓட்ட, குடித்தவர் பின்னால் உட்கார்ந்தாலும் சாய்ந்து இருவரையும் தள்ளிவிடுவார்.

விருந்து உங்கள் வீட்டில் என்றால், சாவிகளை வாங்கி வைப்பதை முதல் கிளாஸ் ஊற்றுவதற்கு முன் செய்யுங்கள். நாலாவது ரவுண்டில் கேட்டால் சண்டையாகிவிடும். உள்ளே வரும்போதே "அண்ணே, சாவி இந்தப் பெட்டியில போடுங்க, காலையில வாங்கிக்கலாம்" என்றால் சிரித்துக்கொண்டே போடுவார்கள். பெட்டியை யார் கண்ணிலும் படாத இடத்தில் வையுங்கள். படுக்க இடமும் போர்வையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால் தங்கிக்கொள்ளச் சொல்வது எளிது. காலையில் சாவி கேட்டு வருபவரிடம், வாய் கொப்பளித்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லி இருபது நிமிடம் கழித்துக் கருவியை நீட்டுங்கள். 0.02 காட்டினால் சாவி பெட்டியிலேயே இருக்கட்டும். அவருக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள், இரண்டு மணி நேரம் போகட்டும், மறுபடி ஊதச் சொல்லுங்கள்.